மொட்டைக்குச் சந்தனம், முகச் சவரத்திற்கு என்ன?

திருப்போரூரிலோ வடபழனியிலோ குழந்தைக்கு முடிகாணிக்கை செலுத்தியவுடன் தலை நிறையச் சந்தனம் பூசுவது நம் வழக்கம். மழித்த தோல் எரியும், அதற்குக் குளிர்ச்சி தேவை என்பதை மருத்துவர் யாரும் சொல்லாமலே நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதே வீட்டு ஆண்கள் நாள்தோறும் முகம் மழிக்கின்றனர். அந்தத் தோலுக்குக் கிடைப்பதோ படிகாரமும் ஆல்கஹால் கலந்த வாசனைத் திரவமும்தான். "சவரத்திற்குப் பின் இயற்கையாக எதைப் பூசலாம்?" என்று தோல் நோய்ப் பிரிவில் எங்களிடம் பலரும் கேட்கின்றனர். நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் உறவினர்களும் இதைக் கேட்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

தோலின் மேற்பரப்பில் ஏறத்தாழ 15 முதல் 20 அடுக்குகளாக இறந்த செல்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செங்கற்கள் எனக் கொண்டால், இடையே உள்ள கொழுப்பே சாந்து. உடலின் ஈரம் வெளியேறாமலும் வெளியிலுள்ள கிருமி உள்ளே புகாமலும் காப்பது இந்தச் சுவர்தான். பிளேடு முடியோடு சேர்த்து இச்சுவரின் மேல்வரிசையையும் சுரண்டி எடுத்துவிடுகிறது. சோப்பு மிச்சமுள்ள சாந்தையும் கரைக்கிறது. தோலின் இயல்பு லேசான அமிலத்தன்மை, அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டியது. சாதாரணக் குளியல் சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை. மேடவாக்கம், பெரும்பாக்கம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரையோ லாரித் தண்ணீரையோ நம்பியிருக்கும் வீடுகள் பல. நீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது. அதன் படிவு முகத்திலேயே தங்கி எரிச்சலைக் கூட்டும். கடைசியாக ஒரு குவளை குடிநீரால் முகத்தை அலசினால் போதும், பாதிப் பிரச்சினை தீரும்.

சந்தனத்தின் குளிர்ச்சி பெரும்பாலும் அதில் குழைத்த நீர் ஆவியாவதால் வருவது. காய்ந்த பின் அது தோலை இழுத்துப் பிடிக்கும், ஈரப்பதம் தராது. எனவே மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்ததும் மெல்லக் கழுவிவிட்டுச் சில துளி எண்ணெய் தடவுவதே நன்று. கல்லில் இழைத்த சந்தனம் வேறு, கடையில் விற்கும் மணமூட்டிய தூள் வேறு. அசல் சந்தனமும் சிலருக்கு ஒவ்வாமை தருவதுண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எங்களைக் கேட்டால், நம் ஊருக்கு முதல் தேர்வு தேங்காய் எண்ணெய்தான். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். வறண்ட தோலுக்கு அது மினரல் ஆயிலுக்கு இணையாகப் பயன்படுவதை ஆய்வு காட்டியுள்ளது. ஆனால் பூசும் முறை முக்கியம். முகத்தைத் துண்டால் ஒற்றி, ஈரம் சற்று மிஞ்சியிருக்கும்போதே இரண்டு மூன்று துளிகளை உள்ளங்கையில் பரப்பித் தடவ வேண்டும். எண்ணெய் தானாக ஈரத்தைத் தருவதில்லை. இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. காய்ந்த தோலில் வழிய வழியப் பூசி வெயிலில் இறங்கினால் வியர்வையும் தூசியும் ஒட்டுவதுதான் மிச்சம். முகப்பரு உள்ளவர்களுக்கும் முடிக்கால்களில் சிறு கொப்புளங்கள் வருபவர்களுக்கும் எந்த எண்ணெயும் ஏற்றதன்று. கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் சுவரைத் தளர்த்தக்கூடியவை. விலை கொடுத்து வாங்கி முகத்தில் பூச வேண்டியதில்லை.

எண்ணெய் ஒவ்வாதவர்களுக்குச் சோற்றுக்கற்றாழை உண்டு. திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகத் தொங்குவதை விட்டுவிட்டுத் தொட்டியில் வளர்வதை எடுத்துக்கொள்ளுங்கள். மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறப் பால் வடியும். அரிப்பைத் தருவது அதுவே. மடலைக் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து, அந்தப் பால் முழுதும் வடிந்த பின், நன்கு கழுவி, நடுவிலுள்ள தெளிந்த சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். முதல்முறை பூசுபவர் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துக்கொள்வது நல்லது. இது கெடாமல் காக்கும் மருந்து எதுவும் சேராத பொருள். அன்றன்று எடுத்து அன்றே பயன்படுத்துங்கள்.

எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். மழித்த இடத்தில் அதைத் தடவி வெயிலில் போனால் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருமையும் வரலாம். அக்குள், கால் மழிக்கும் பெண்களுக்கும் இது பொருந்தும். மஞ்சளும் வெட்டுப்பட்ட தோலில் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

இனி படிகாரம். அது ரத்தக்கசிவை நிறுத்தும், தோலைச் சுருக்கும், அவ்வளவே. அது ஈரப்பதமூட்டி அன்று. தோலை மேலும் உலர்த்தும். உண்மையான அபாயம் சலூனில் ஒரே படிகாரக் கல்லைப் பலருக்கும் தேய்ப்பதில் உள்ளது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. வேளச்சேரி–தாம்பரம் சாலையோரம் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும், புதுப் பிளேடு கேட்பதுபோல் கல் வேண்டாம் என்று சொல்வதற்கும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை ஆரோக்கியமான தோலுக்கு. வீட்டில் படுக்கையிலிருக்கும் தந்தைக்கோ கணவருக்கோ சவரம் செய்துவிடுபவர்கள் இன்னும் சிலவற்றை அறிய வேண்டும். பக்கவாதத்திற்கும் இதய நோய்க்கும் வார்ஃபரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவருக்குச் சிறு கீறலும் நெடுநேரம் கசியும். அவர்களுக்குப் பிளேடைவிட மின் டிரிம்மர் பாதுகாப்பானது. கீறிவிட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிமிடத்திற்கொரு முறை எடுத்துப் பார்த்தால் நிற்காது. சவரத்திற்காக மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

நீரிழிவு உள்ளவரின் தாடைக்கொப்புளம் எளிதில் சீழ்பிடிக்கும். மூக்கடியிலும் மேலுதட்டிலும் வரும் கொப்புளத்தை யாருமே பிதுக்கக் கூடாது. அப்பகுதியின் ரத்தக்குழாய்கள் கண்ணின் பின்புறம் வழியே மூளையின் அடிப்பகுதியோடு தொடர்புடையவை. கொப்புளத்தோடு காய்ச்சல், கண் வீக்கம், கடுந்தலைவலி சேர்ந்தால் எண்ணெயும் கற்றாழையும் தேடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் தனியாகவே சொல்வதுண்டு. ஆக்சிஜன் செல்லும் முகத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ இருந்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு. அவர்களுக்கு நீர் அடிப்படையிலான கிரீம் மட்டுமே ஏற்றது. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கையில் மின் சவரக்கருவியையும் இயக்கக் கூடாது. சவர நேரத்திற்கு ஆக்சிஜனை நிறுத்தலாமா என்பதை உங்கள் நுரையீரல் மருத்துவரே முடிவு செய்வார்.

முகத்திலோ கழுத்திலோ கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவர் அந்த இடத்தில் பிளேடு வைக்க வேண்டாம். இயற்கைப் பொருளே ஆனாலும், கதிர்வீச்சுப் பிரிவில் கேட்காமல் எதையும் பூச வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் சிலர், சுத்தமாக வர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் முதல்நாள் இரவே வீட்டில் அந்த இடத்தை மழித்துக்கொண்டு வருகின்றனர். பிளேடு விட்ட நுண்கீறல்களில் கிருமி தங்கும். அறுவைக்கு முன் மழிக்கக் கூடாது, முடியை நீக்கியே ஆக வேண்டுமெனில் கிளிப்பரால் மட்டுமே நீக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தேவைப்பட்டால் அதை எங்கள் செவிலியரே செய்வார்கள். நீங்கள் குளித்துவிட்டு மட்டும் வாருங்கள்.