எலி வளையும் எதிர்வீட்டு மாளிகையும்

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. தனக்கென்று ஓர் இடம் இருத்தல் வேண்டும் என்று கூறும் அப்பழமொழி, அவ்விடம் எத்தனை சதுர அடி இருக்க வேண்டும் என்பதைக் கூறாமல் விட்டுவிட்டது. அந்தக் குறையை நிரப்புபவர்கள் பெரும்பாலும் நம் உறவினர்களும் அண்டை வீட்டாருமே. வீட்டுக்கடன் கோரி வரும் வாடிக்கையாளர்களோடு ஆண்டுக்கணக்கில் பேசிவரும் நாம் காண்பது இதுதான்: வீடு வேண்டும் என்ற முடிவைக் குடும்பம் எடுக்கிறது, எவ்வளவு பெரிய வீடு என்ற முடிவையோ வேறொருவருடைய வீடு எடுத்துவிடுகிறது.

வெளிநாடுகளில் வாழும் நம் வாடிக்கையாளர்களிடம் இது இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. சிங்கப்பூரில் இரு படுக்கையறை அடுக்ககத்தில் நால்வராக வாழும் குடும்பத்தின் கைப்பேசிக்கு, ஊரில் தம்பி கட்டிய மூன்றடுக்கு வீட்டின் புதுமனை புகுவிழாப் படங்கள் வந்து சேர்கின்றன. மறுநாள், உடன் படித்த நண்பர் டெக்சாஸ் மாநிலத்தில் வாங்கிய தோட்ட வீட்டின் காணொளி வருகிறது. தம்பியோ அண்ணனின் வெளிநாட்டுச் சம்பளத்தை எண்ணிப் பெருமூச்சு விடுகிறார். இக்கரைக்கு அக்கரை பச்சை. இந்தப் பச்சைக்குத் தவணை கட்டும் நாள் வரும்போதுதான் அதன் உண்மையான விலை தெரிகிறது.

சிறிய வீடு என்பது எவ்வளவு சிறியது?

சிங்கப்பூரின் மொத்தப் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்ககங்களில்தான் அந்நாட்டில் நிலையாக வசிப்போரில் ஐந்தில் நால்வர் அளவுக்குக் குடியிருக்கின்றனர். அங்கு 'மூவறை வீடு' என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும்; பரப்பு 60 முதல் 65 சதுர மீட்டர், அதாவது 700 சதுர அடிக்குள். 'நாலறை வீடு' என்பது சுமார் 90 சதுர மீட்டர். நம்மூரில் நடுத்தரக் குடும்பம் ஒன்று 'சற்றே வசதியான வீடு' என்று சொல்லும் அளவு அது.

ஹாங்காங்கின் நிலை இதனினும் நெருக்கமானது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்கு ஒரு குடும்பத்தின் வீட்டுப் பரப்பு இடைநிலை அளவில் 40 சதுர மீட்டர். தலைக்கு 16 சதுர மீட்டர். ஒரே அடுக்ககத்தைத் தடுப்புகளால் கூறுபோட்டு வாடகைக்கு விடும் அறைகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். வளைகுடா நகரங்களில் நம் தொழிலாளர் பலர் வாடகைக்கு எடுப்பது அறையைக்கூட அன்று. ஒரு கட்டில் போடும் இடத்தை. 'பெட் ஸ்பேஸ்' என்ற சொல்லே அங்குள்ள தமிழர் பேச்சில் கலந்துவிட்டது.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கட்டில் அளவு இடத்தில் வாழ்பவர் பெரிய இடத்தை விரும்புவது பொறாமை ஆகாது, அது தேவை. குழந்தை படிக்க ஒரு மூலையும், நோயுற்றவர் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க ஓர் அறையும் இல்லாத குடும்பம் பெரிய வீட்டுக்கு மாற நினைப்பதில் குறையொன்றும் இல்லை. சிக்கல், தேவை நிறைவேறிய பின்னும் நிற்காமல் தொடரும் ஏக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான எல்லையை எப்படிக் கண்டறிவது?

ஜப்பானியர் தரும் ஓர் அளவுகோல்

இதற்கு எளிய சூத்திரம் ஒன்று ஜப்பானில் உண்டு. அந்நாட்டு அரசின் வீட்டுவசதித் திட்டம், நலமாக வாழத் தேவையான குறைந்தபட்சப் பரப்பை வரையறுத்துள்ளது. தனியாக வாழ்பவருக்கு 25 சதுர மீட்டர். இருவரோ அதற்கு மேற்பட்டோரோ வாழும் குடும்பத்துக்கு, ஆளுக்குப் பத்து சதுர மீட்டரோடு பொதுவாகப் பத்து சதுர மீட்டர். இதன்படி நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 50 சதுர மீட்டர், ஏறக்குறைய 540 சதுர அடி. நகர அடுக்ககங்களில் வசதியான வாழ்வுக்கு எட்ட விரும்பும் இலக்கு ஆளுக்கு 20 சதுர மீட்டரும் பொதுவாக 15 சதுர மீட்டரும். நால்வருக்கு 95 சதுர மீட்டர், சற்றேறக்குறைய 1,020 சதுர அடி.

இந்த அளவு நமக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. பூசையறையும், பண்டிகைக்கு வரும் சுற்றமும், பெற்றோருக்கான அறையும் நம் கணக்கில் சேரும். ஆயினும், ஆட்களை எண்ணித் தொடங்கும் கணக்கு என்பதால் இது நல்ல கணக்கு. எதிர்வீட்டின் மாடிகளை எண்ணித் தொடங்கும் கணக்குக்கு முடிவே கிடையாது.

சிறிய வீடுகளின் நகரங்கள் இன்னொன்றையும் கற்பிக்கின்றன. வீட்டுக்குள் இல்லாத இடத்தை அவை வீட்டுக்கு வெளியே தேடிக்கொள்கின்றன. சிங்கப்பூர் அடுக்ககங்கள் பலவற்றின் தரைத்தளம் சுவரின்றித் திறந்தவெளியாக விடப்பட்டிருக்கும். முதியவர்கள் உட்கார்ந்து பேசுவதும், அக்கம்பக்கத்தார் திருமண விருந்து நடத்துவதும், துக்க வீட்டுக்கு வந்தோர் அமர்வதும் அங்கேதான். நூலகமும் பூங்காவும் உணவங்காடியும் எட்டிவிடும் தொலைவில் இருக்கும். ஊரிலுள்ள பெரிய வீட்டை எண்ணி ஏங்குபவர், தாம் ஏற்கெனவே பயன்படுத்திவரும் இந்த 'வெளி அறைகளை'யும் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது நலம்.

பெரிய வீடு தீர்த்து வைக்கிறதா?

இடத்துக்குப் பஞ்சமில்லாத நாடு அமெரிக்கா. 1950ஆம் ஆண்டுவாக்கில் அங்கு கட்டப்பட்ட புதிய தனி வீட்டின் சராசரிப் பரப்பு ஆயிரம் சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. இன்றோ அது இரு மடங்கைத் தாண்டிவிட்டது. இதே காலத்தில் குடும்பத்தின் அளவு சுருங்கியிருக்கிறது. அப்படியானால் மனநிறைவு பெருகியிருக்க வேண்டுமல்லவா?

கிளெமான் பெல்லே என்ற பொருளியலறிஞர் அமெரிக்கப் புறநகர்களை ஆராய்ந்து இதற்கு விடை கண்டார். வீடுகள் பெரிதாகிக்கொண்டே வந்தபோதிலும், தம் வீட்டைப் பற்றி மக்கள் கொண்ட மனநிறைவு உயரவில்லை. அண்டையில் மிகப் பெரிய புது வீடுகள் எழும்பியபோது, ஏற்கெனவே அங்கு வாழ்ந்தோரின் மனநிறைவு குறைந்தது. அவர்களுள் பலர் தம் வீட்டைப் பெரிதாக்கக் கூடுதல் கடனும் வாங்கினர். ஒருவர் வீட்டில் ஒரு செங்கல்லும் குறையவில்லை. எனினும் அது திடீரெனச் சிறியதாகிவிட்டது.

பிறரோடு ஒப்பிடும்போது மட்டுமே மதிப்புப் பெறும் இத்தகைய பொருள்களைப் பற்றி ஃபிரெட் ஹெர்ஷ் என்ற பொருளியலறிஞர் 1976இலேயே எழுதினார். கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவர் எழுந்து நின்றால், பின்னால் இருப்பவர்களும் எழ வேண்டியதாகிறது. இறுதியில் எல்லோருக்கும் கால் வலிக்கிறது. காட்சியோ முன்பிருந்த அளவே தெரிகிறது. திருக்குறள் அழுக்காறாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

கிட்டங்கியிலிருந்து செட்டிநாட்டுக்கு

வெளிநாட்டில் குறுகிய இடம், ஊரில் பெரிய வீடு என்ற வழக்கம் நேற்று முளைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் 'கிட்டங்கி' எனப்பட்ட கட்டடங்களில் தங்கினர். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஒவ்வொருவருக்கும் கூடத்தில் சில அடி நீளமே சொந்தம்: ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி, அமர ஒரு பாய். பகலில் அதுவே அலுவலகம். இரவில் அதுவே படுக்கை. அங்ஙனம் சேர்த்த செல்வமே பர்மாத் தேக்குத் தூண்களாகவும் ஆத்தங்குடிக் கற்களாகவும் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் எழுந்து நின்றது.

அம்மாளிகைகளின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. முகப்பும் வளவும் பெரியவை. அவை திருமணத்துக்கும் சடங்குக்கும் சுற்றம் கூடுவதற்கும் உரிய பொது இடங்கள். மணமான மகன் ஒவ்வொருவருக்கும் கிடைத்ததோ வளவைச் சுற்றியமைந்த சிறிய அறைதான். கூட்டுக் குடும்பம் வாழ்ந்தவரை அந்தப் பெருமைக்குப் பயன் இருந்தது. 1930களின் பொருளாதார மந்தமும், அடுத்து வந்த உலகப் போரும் கடல்கடந்த தொழிலை முறித்தன. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. இன்று அவ்வீடுகளுள் சில விடுதிகளாகப் புதுவாழ்வு பெற்றுள்ளன. பல பூட்டிக் கிடக்கின்றன. வீடு எவ்வளவு பெரியதாயினும், அதில் விளக்கேற்ற ஆள் வேண்டும்.

அதே காட்சியைச் சிறிய அளவில் இன்றும் காண்கிறோம். மகன் அனுப்பிய பணத்தில் ஐந்து படுக்கையறை வீடு எழும்புகிறது. முழங்கால் வலியால் மாடி ஏற முடியாத தாயும் தந்தையும் கீழறை ஒன்றிலேயே காலம் கழிக்கின்றனர். மேலே நான்கு அறைகள், ஆண்டுக்கு இரு வாரம் வரும் பேரப்பிள்ளைகளுக்காகப் பூட்டியிருக்கின்றன. அந்தப் பிள்ளைகளோ, வெளிநாட்டுச் சிறு வீட்டில் உணவு மேசை காலியாகும்வரை காத்திருந்து பாடம் எழுதுகின்றனர். பணம் ஓரிடத்தில், தேவை வேறிடத்தில்.

ஏக்கத்தின் விலை

ஓர் எடுத்துக்காட்டு. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 50 இலட்சம் ரூபாய் கடன் பெற்றால், மாதத் தவணை சுமார் 43,390 ரூபாய். 'தம்பி வீட்டைவிடக் குறையக் கூடாது' என்று அதையே 75 இலட்சம் ஆக்கினால், தவணை சுமார் 65,090 ரூபாய். மாதந்தோறும் கூடும் 21,700 ரூபாயை 240 மாதங்களுக்குப் பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 52 இலட்சம். கூடுதலாகப் பெற்ற 25 இலட்சத்துக்கு நாம் திருப்பிச் செலுத்தும் தொகை அது. சொத்துவரி, வண்ணப்பூச்சு, காவலாள் சம்பளம் ஆகியவை தனி.

எனவே, வெளிநாடு வாழ் வாடிக்கையாளர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். இந்தியாவில் குடியிருப்பு வீடு வாங்க அவர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை; ஆனால் விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க இயலாது. பணத்தை வங்கி வழியாகவோ, தம் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளிலிருந்தோதான் செலுத்த வேண்டும். வீட்டை வாடகைக்கு விட்டால், அவ்வருவாயை என்.ஆர்.ஓ. கணக்கில் வரவு வைக்கலாம். வரி செலுத்திய பின், அக்கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 இலட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அடுக்ககம் வாங்குவோர், விளம்பரத்தில் காணும் பெரிய எண்ணை விடுத்து, சுவர்களுக்குள் புழங்கக் கிடைக்கும் பரப்பைக் கேட்டறிய வேண்டும். 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' எனப்படும் அப்பரப்பைத் தெளிவாக வரையறுத்துள்ளது.

விண்ணப்பத்தை நிரப்புமுன் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்வது நன்று. இவ்வீட்டில் ஆண்டுக்கு முந்நூறு நாள் உறங்கப்போகிறவர் எத்தனை பேர்? கூடுதலாகக் கேட்கும் ஒவ்வோர் அறையும் யாருக்கு? நமக்குத் தெரிந்த எவரும் இவ்வீட்டை ஒருபோதும் பார்க்கப்போவதில்லை என்றால், இதே அளவில்தான் கட்டுவோமா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று தயங்காமல் விடை வருமாயின், அந்த வீடு உங்களுக்குத் தேவையான வீடு. அதற்குரிய கடனோடு எங்கள் கிளைகள் காத்திருக்கின்றன. விடை வரத் தாமதமானால், அந்தத் தாமதத்தையும் மதியுங்கள். குறைத்துக்கொண்ட ஓர் அறையின் தவணை, பிள்ளையின் படிப்புக்கோ, பெற்றோரின் மருத்துவத்துக்கோ, இன்று வாழும் வீட்டிலேயே ஒரு படிப்பு மேசை போடுவதற்கோ பயன்படும்.