தகடு எப்படி மூட்டை சுமக்கிறது?

சந்தைப் பக்கம் போனால், சரக்கு இறக்கிவிட்டு நிற்கும் பிக்கப் வண்டி ஒன்றின் பின்பக்கத்தை எட்டிப் பாருங்கள். ஓட்டுநர்கள் அதை ‘பாடி’ என்பார்கள். பல வண்டிகளில் பாடியின் தரை மட்டமாக இருக்காது. கேபினிலிருந்து பின்கதவு வரை மேடும் பள்ளமுமாக, வரிவரியாய் மடிப்புகள் ஓடும். மழைத் தண்ணீர் வடிய அந்த வரிகள் உதவுவது உண்மைதான். ஆனால் அவற்றின் முதல் வேலை அதுவல்ல.

அந்தத் தரை வெறும் எஃகுத் தகடு. கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதன்மேல்தான் சிமென்ட் மூட்டையும் செங்கல்லும் நெல்லும் ஏறுகின்றன. இவ்வளவு மெல்லிய தகடு எப்படித் தாங்குகிறது?

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு புத்தகங்களை ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். மேலே ஒரு தாளைப் பாலமாக வைத்து, அதன் நடுவில் ஒரு அழிப்பானை வையுங்கள். தாள் தொய்ந்து, அழிப்பான் விழுந்துவிடும். இப்போது அதே தாளை விசிறி மடிப்பாக நீளவாட்டில் மடித்து வையுங்கள். அழிப்பானைத் தாங்கும். பென்சிலையும் சேர்த்துத் தாங்கும். தாள் அதேதான், எடையும் கூடவில்லை. வடிவம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

காரணம் இதுதான். ஒரு தகடு சுமையால் வளையும்போது அதன் மேல்பக்கம் நெருக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. நட்டநடுவில் இரண்டும் இல்லை. நடுவிலிருந்து எவ்வளவு விலகி இரும்பு இருக்கிறதோ, அவ்வளவு வலுவாக அது வளைவை எதிர்க்கும். தட்டையான தகட்டின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிவிடும். ஆனால் எடையும் இரட்டிப்பாகுமே! மடித்துவிட்டால் இரும்பு நடுவிலிருந்து விலகிவிடும். அதனால் இரும்பைக் கூட்டாமலே விறைப்பைக் கூட்டலாம்.

ஒரு குறை உண்டு. நீங்கள் மடித்த தாளைப் பக்கவாட்டில் இழுங்கள், சுலபமாக விரிந்துவிடும். மடிப்பு ஓடும் திசையில்தான் விறைப்பு. அதனால் பாடித் தரைக்கு அடியில், மடிப்புகளுக்குக் குறுக்கே, கனமான சட்டங்களைக் கொடுக்கிறார்கள். அந்தக் குறுக்குச் சட்டங்கள் வழியாக முழுப் பாடியும் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, போல்ட் போட்டு முறுக்கப்படுகிறது.

தகடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்து, இருபுறமும் செம்பு முனைகளால் அழுத்தி, ஒரு நொடியிலும் குறைவான நேரத்துக்கு ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாய்ச்சுவார்கள். செம்பில் மின்தடை மிகக் குறைவு. தகடுகள் இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் தடை அதிகம். ஆகவே வெப்பமும் அங்கேதான் அதிகம் பிறக்கிறது. இரு தகடுகளுக்கும் நடுவே பொட்டு அளவு எஃகு உருகி, உடனே உறைந்து, அவற்றை ஒன்றாக்கிவிடுகிறது. இதற்கு ஸ்பாட் வெல்டிங் என்று பெயர். பாடியின் விளிம்பைத் தடவிப் பார்த்தால் சின்னச்சின்னக் குழிகள் வரிசையாக விரலில் தட்டுப்படும்.

எல்லாக் காலத்திலும் பாடி இப்படி இருந்ததில்லை. 1925-ல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரின் பின்னால் சரக்குப் பெட்டியைப் பொருத்தி, தொழிற்சாலையிலிருந்தே பிக்கப் வண்டியாக விற்றது. விலை 281 டாலர். அதன் பிறகும் பல ஆண்டுகள் பல வண்டிகளில் பாடித் தரை மரப்பலகைதான். பலகைகளுக்கு நடுவே எஃகுப் பட்டைகள் ஓடும்.

கேபினுக்கும் பாடிக்கும் நடுவே விரல் நுழையும் சந்து ஒன்று இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 1961-ல் அதே நிறுவனம் அந்த இடைவெளியை ஒழித்து, கேபினையும் பாடியையும் ஒரே உடலாகச் செய்து பார்த்தது. பார்க்க அழகு, செய்யவும் சுலபம். ஆனால் மேடு பள்ளத்தில் சுமையோடு போகும்போது சேசிஸ் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். பாடியும் கேபினும் தனித்தனியாக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் அசைந்து கொடுக்கும். ஒன்றாக இருந்ததால் அந்த முறுக்கு கேபினுக்கும் போய், கதவுகள் திறக்க முடியாமல் சிக்கிக்கொண்டன. 1963-ஓடு அந்த முயற்சி கைவிடப்பட்டது. அந்தச் சந்து வீண் இடம் அல்ல.

சரி, பாடியில் அடிபட்டால் என்ன செய்வது?

ஒரு மெல்லிய கம்பியை லேசாக வளைத்து, கையை எடுத்துவிடுங்கள். தானாகப் பழையபடி நிமிரும். நன்றாக மடக்குங்கள், நிமிராது. எஃகும் அப்படித்தான். ஓர் எல்லை வரை மீளும், அதைத் தாண்டினால் வளைந்தது வளைந்தபடி நிற்கும். இப்போது மடக்கிய கம்பியைக் கையால் நேராக்கப் பாருங்கள். மடங்கிய இடம் பிடிவாதமாக நிற்கும், பக்கத்து இடம் வளையும். மடங்கும்போது அந்த இடம் இறுகிக் கடினமாகிவிட்டது. டிங்கரிங் பட்டறையில் ஒடுக்கு எடுப்பவருக்கு ஒவ்வொரு நாளும் இதே சிக்கல்தான். பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடித்தால் வேலை கெடும். இறுகிப்போன மடிப்பு ஓரங்களை முதலில் தளர்த்த வேண்டும். தகட்டுக்குப் பின்னால் கனமான இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, முன்னாலிருந்து சின்னச்சின்ன அடியாகத் தட்டிக்கொண்டே வருவார். கண்ணைவிட உள்ளங்கையை நம்புவார். தடவிப் பார்த்தே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவார்.

சில சமயம் அடிபட்ட தகடு நீண்டுவிடும். தட்டினால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டப்பென்று குதிக்கும், அடங்காது. நீண்ட தகட்டைச் சுருக்குவது எப்படி? சூடுபடுத்தி! சூடு பட்டால் இரும்பு விரியுமே என்று கேட்பீர்கள். ஆம், விரியத்தான் பார்க்கும். நாணயம் அளவு இடத்தை மட்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சுகிறார்கள். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதை விரிய விடாது. பக்கவாட்டில் போக வழியில்லாமல், மெத்தென்றாகிவிட்ட அந்த இடம் தடித்துக்கொள்கிறது. ஆறும்போது சுருங்குகிறது, சுற்றியுள்ள தகட்டையும் இழுத்துக்கொள்கிறது. துள்ளிய தகடு இறுகி நிற்கும்.

அலுமினியத்தில் இந்த வேலை கடினம். 2015-ல் வந்த ஃபோர்டு எஃப்-150 வண்டியின் கேபினும் பாடியும் அலுமினியக் கலவையால் ஆனவை. எடை ஏறக்குறைய 300 கிலோ வரை குறைந்தது. ஆனால் எஃகைப்போல அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. நிறம் மாறாமலே உருகும் நிலைக்கு வந்துவிடும். அதோடு எஃகுத் துகள் ஒட்டிய சுத்தியலால் அதைத் தட்டினால், ஈரம் பட்டதும் அந்த இடம் அரிக்கத் தொடங்கும். அதனால் அலுமினியத்துக்குத் தனிக் கருவிகள் வேண்டும்.

எஃகின் பெரிய எதிரி துரு. பல வண்டிகளில் தகட்டின்மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். கீறல் விழுந்தால் துத்தநாகம் முதலில் அரிபட்டு எஃகைக் காக்கும். வெல்டிங் செய்தால் அந்தப் பூச்சு ஆவியாகிவிடும், அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும். எனவே வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அருகில் நிற்காதீர்கள். வெல்டிங் ஒளியை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. வேலை முடிந்ததும் அந்த இடத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு கொடுக்காவிட்டால், போட்ட ஒட்டு சீக்கிரமே துருப்பிடிக்கும்.

துருவால் ஓட்டையே விழுந்துவிட்டால், துரு ஏறிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதுதான் சரியான வைத்தியம். சிலர் ஓட்டையின்மேல் பட்டி என்னும் நிரப்புப் பசையை அப்பி, பெயின்ட் அடித்துவிடுவார்கள். தட்டி எடுத்த பிறகு மிஞ்சும் சின்ன நெளிவை மறைக்க மெல்லிசாகப் பட்டி பூசுவதில் தவறில்லை. ஆனால் பட்டி சுமை தாங்காது. பின்பக்கத்திலிருந்து ஈரம் ஏறி, துரு உள்ளேயே வளரும்.

உங்கள் வீட்டில் பழைய வண்டி வாங்கப் போனால் கூடவே போங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, பாடியின் பக்கத் தகட்டில் மெதுவாக நகர்த்துங்கள். எஃகுப் பாடியில் காந்தம் ஓரிடத்தில் மட்டும் பிடிக்காமல் நழுவினால், அங்கே பெயின்ட்டுக்கு அடியில் கனமாகப் பட்டி இருக்கிறது. அதைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், விலை பேசும்போது உதவும்.