ஓய்வு நாளும் நூலும் நண்பரும்

மக்கள் வாழ்விற்கு உழைப்பு எத்துணை இன்றியமையாததோ, ஓய்வும் அத்துணை இன்றியமையாததாகும். உழைப்பின் பெருமையை விரித்துரைக்கும் நூல்கள் பல. ஓய்வினை எங்ஙனம் கழித்தல் வேண்டும் என்று கூறுவார் சிலரே. கல்லூரியை விட்டு அண்மையில் வெளியேறிப் புதிதாய் ஓர் அலுவலில் அமர்ந்த இளைஞர்க்கு, வார இறுதியில் வரும் இரண்டு நாள்கள் கிடைத்தற்கரிய புதையலாம். அப்புதையலை நாவல் படிப்பதிலும் நண்பரோடு அளவளாவுவதிலும் செலவிடுவோரைக் கண்டு, பொழுதை வீணாக்குகின்றனரே என்று பெரியோர் சிலர் வருந்துவர். அவ்வருத்தம் தக்கதுதானா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இன்னும் ஓரிரண்டு ஆண்டுகளில் அந்நிலையை அடைய இருக்கும் எமக்கு இது வெறும் சொற்போர் அன்று.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாய் அமைந்தது ஒரு பயணம். எமக்குச் சில ஆண்டுகள் முன்னர் எம் கல்லூரியில் பயின்ற ஒருவர், சேர்வராயன் மலையில் மாரமங்கலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஆசிரியராய் அமர்ந்துள்ளார். அவரை அண்ணன் என்றழைப்பது எம் வழக்கம். அவர் அழைப்பிற்கிணங்கிச் சென்ற தைத்திங்களில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை யாம் நால்வர் சேலத்திலிருந்து புறப்பட்டோம். பேருந்து இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏர்க்காட்டை அடைந்தது. அங்கிருந்து மாரமங்கலம் நோக்கிச் செல்லுங்கால் இருமருங்கும் காப்பித் தோட்டங்கள். நிழல்மரந்தோறும் பற்றிப் படர்ந்த மிளகுக்கொடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலத்து ஆட்சித்தலைவராய் இருந்த காக்பர்ன் என்பார் இம்மலையில் காப்பியைப் புகுத்தினார் என்பர். அதற்கு நெடுங்காலம் முன்னரே இங்கு வாழ்ந்துவரும் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது. அவர் பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து வந்தவர் தம் முன்னோர் என்பது அவர்களிடை வழிவழி வரும் கதை.

அண்ணன் தம் முதலாண்டு வாழ்க்கையை மறைக்காது கூறினார். அந்தி சாய்ந்து பனி இறங்கிவிடின் தெருவில் ஆள் நடமாட்டம் இராது. சனிக்கிழமை முழுதும் போர்வைக்குள் கிடந்து கைபேசியைப் பார்த்திருப்பார். அல்லது சேலத்திற்கு இறங்கி ஓடி, ஞாயிறு இரவு வெறும் பணப்பையோடும் தலைவலியோடும் திரும்புவார். இரண்டு நாளும் கழியும்; இளைப்பு மட்டும் கழியாது. ஓய்வு நாள் வேறு, ஓய்வு வேறு என்பதை அக்காலத்தில் உணர்ந்ததாக அவர் கூறினார். பின்னர் ஒரு நாவலைக் கையிலெடுத்தார்; அதன்பின் அந்நாவலைப் பற்றிப் பேச ஆள் தேடினார். இவ்விரண்டினாலும் தம் சனி ஞாயிறுகள் உயிர் பெற்றன என்றார்.

ஈண்டு ஓய்வு நாளின் வரலாற்றைச் சிறிது நினைத்தல் நன்று. வாரத்தில் ஒருநாளை ஓய்வுக்கென ஒதுக்கும் வழக்கம் திருமறையில் மிகப் பழமையானது. அக்கட்டளையில் பணியாளர்க்கும் ஓய்வுண்டு. ஆயினும் நம் நாட்டு ஆலைத் தொழிலாளர்க்கு அது எளிதிற் கிடைத்ததன்று. நாராயண மேகாஜி லோகண்டே என்பார் தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் பல்லாண்டு போராடிய பின்னரே, 1890-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் ஞாயிறு விடுமுறை அவர்க்கு இசைவாயிற்று. மறு ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை உறுதி செய்தது. மலைத்தோட்டத்தில் உழைப்போர்க்கு வாரத்தில் ஒருநாள் ஓய்விற்கு வழிசெய்த தோட்டத் தொழிலாளர் சட்டமோ 1951-இல்தான் இயற்றப்பட்டது. ஆதலின், இன்று அலுவலர் துய்க்கும் ஓய்வு பிறர் போராடிப் பெற்றுத்தந்த செல்வம். அதனை எங்ஙனம் செலவிடுகின்றோம் என்னும் வினாவிற்கு நாம் விடையிறுக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இனி நாவலுக்கு வருவோம். நாவல் படித்தல் சோம்பர் தொழில் என்பார்க்கு, தமிழ் நாவலைத் தோற்றுவித்தவர் யாவர் என்பதையே விடையாகக் கூறலாம். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாய்ப் பல்லாண்டு நீதி வழங்கியவர். வழக்காடுவோரின் பொய்யையும் மெய்யையும் நாள்தோறும் கேட்ட செவி அவருடையது. 'கமலாம்பாள் சரித்திர'த்தை 1893-இல் 'விவேக சிந்தாமணி'யில் எழுதத் தொடங்கியபோது ராஜம் ஐயருக்கு வயது இருபத்தொன்று. 1898-இல் 'பத்மாவதி சரித்திரம்' வெளியிட்ட மாதவையா உப்பு இலாகாவில் அலுவல் பார்த்தவர். பின்னவர் இருவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர் என்பது நம்போன்ற மிஷன் கல்லூரி மாணவர்க்கு மகிழ்வூட்டும் செய்தியாகும். சோம்பரோ இவர்? அலுவலை அறிந்தோரும் இளைஞருமே நம்மொழியில் நாவலை வளர்த்தனர். உழைப்போர் எழுதியதை உழைப்போர் படித்தலில் இழுக்கென்ன?

அன்றியும், நாவல் தருவதொரு தனிப்பயன் உண்டு. அலுவலகத்திலே மனிதர் பெயராகவும் எண்ணாகவும் வருவர். பதிவேட்டில் ஒரு வரியாய் நின்று மறைவர். நாவலிலோ ஒரு மனிதன் தன் வீட்டோடும் பசியோடும் நாணத்தோடும் நம்முன் வந்து, முந்நூறு பக்கமளவும் நம்மை விட்டு அகலான். பிறர் நெஞ்சினுட் புகுந்து இருந்து பார்க்கும் இப்பயிற்சி வேறெந்தக் கலையினும் இத்துணை எளிதில் வாய்ப்பதன்று. எனினும் ஒரு குறையும் உண்டு. தனியே படித்து, தனியே கண்ணீர் விட்டு, நூலை மூடி வைத்துவிடின், அக்கண்ணீர் நூலோடு முடிந்துவிடும். அதனை நூலுக்கு வெளியே கொணர்வது நண்பரின் உரையாடலே.

நட்பின் இன்பத்தை விளக்கவந்த திருவள்ளுவர், படிக்குந்தோறும் இன்பம் மிகும் நூல்நயத்தை அதற்கு உவமையாக்கினார். நூலும் நட்பும் ஓரினத்தவை என்பதை அவ்வுவமை காட்டுகின்றது. இவ்விரண்டும் ஒன்றுகூடியதால் தமிழ்நாடு பெற்ற பேற்றிற்குச் சேலமே சான்று. சேலம் இராமசாமி முதலியார் 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப்பாய் அமர்ந்தபோது இருபத்தெட்டு வயதினர். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவரைக் காணச் சென்றார் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர், அவருக்கு வயது இருபத்தைந்து. தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிக் கூறவும், சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் பயின்றதுண்டா என்று முதலியார் வினவினார். அவ்வினா ஐயரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியை அவர்க்களித்தார்; இருவரும் கூடிப் பயின்றனர். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்ந்தன. நீதிமன்ற வேலை ஒழிந்த பொழுதில் இளைஞர் இருவர் கூடிப் பேசியதன் விளைவு இது. இதனை வீண்பொழுது என்பார் யார்?

அத்துணைப் பெரும்பயன் எல்லார்க்கும் வாய்த்தலரிது. சிறிய அளவிலேனும் பயன் வாய்க்க, அண்ணனும் அவர் நண்பரும் கைக்கொள்ளும் முறை எளியது. வங்கி எழுத்தர் ஒருவர், கால்நடை மருத்துவர் ஒருவர், தோட்டத்துக் கணக்கர் ஒருவர், அண்ணன் ஆக நால்வரே கூட்டம். கூட்டம் பெருகின் பேச்சு சிதறும் என்பது அவர் கொள்கை. சனிக்கிழமை காலையில் அவரவர் வீட்டு வேலை. பிற்பகலில் அண்ணன் குடியிருக்கும் ஓட்டுவீட்டுத் திண்ணையில் கூடுவர். ஒருவர் உரக்கப் படிக்கப் பிறர் கேட்பர். ஓர் அதிகாரம் முடிந்ததும் வழக்குத் தொடங்கும். முன்பு நம் ஊர்த் திண்ணைகளில் ஒருவர் பாரதம் படிக்கப் பலர் கேட்டிருந்த வழக்கத்தின் தொடர்ச்சியே இது. கைபேசிகள் யாவும் உள்ளறையில் ஒரு கூடையில் துயிலும். ஞாயிறன்று நூலில்லை, வழிபாட்டிற்குச் செல்வோர் செல்வர், பின்னர்த் தோட்டத்து வழியே நெடுந்தொலைவு நடப்பர். முதல்நாள் முடியாத வழக்கு நடையிலே முடியும், முடியாமலும் போகும்.

யாம் சென்ற சனிக்கிழமை அவர்கள் கையிலிருந்த நூல் 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணிபுரிந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த நாவல் அது, இரா. முருகவேள் தமிழாக்க, 2007-இல் தமிழுலகிற்குக் கிடைத்தது. கங்காணியின் இனிய மொழியை நம்பிச் சமவெளியை விட்டு மலையேறிய ஏழைகள் கடனிலும் நோயிலும் குளிரிலும் அழிந்த கதை. வங்கி எழுத்தர் படிக்கப் படிக்க எமக்குக் கண் கலங்கியது. அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குடையவராகிய முதியவர் திண்ணையின் ஓரத்தில் கருங்காப்பிக் குவளையோடு அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இளமையில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர் அவர்.

படிப்பு நின்றதும் அவர் மெல்லக் கேட்டார்: "மேலைத்தெருப் பெண் உங்கள் வகுப்புத்தானே, வாத்தியாரையா? பழம் பறிக்கும் காலம் ஆயிற்றே. ஆத்தாள் தோட்டத்துக்குப் போய்விட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அதற்காக வீட்டில் இருக்கிறாள். பெயர் உங்கள் புத்தகத்திலும் இருக்குமே."

அவர் பழித்துக் கூறவில்லை, செய்தியாகவே கூறினார். ஆயினும் திண்ணை முழுதும் அமைதியாயிற்று. அப்பெண் மூன்று வாரமாய் வரவில்லை என்பது அண்ணனுக்குத் தெரியும். பதிவேட்டில் நாள்தோறும் அவர் கையாலேயே குறித்திருக்கிறார். படிப்பில் அக்கறையில்லாக் குடும்பம் என்று எண்ணியதாகவும், ஒருமுறை அவள் தம்பியைக் கடிந்துகொண்டதாகவும் அன்றிரவு எம்மிடம் ஒப்புக்கொண்டார். தொலைவிலுள்ள ஆனைமலையின் துன்பத்திற்கு அழுத கண், இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டைக் காணவில்லை.

மறுநாள் நடை வேறு திசையிற் சென்றது. மேலைத்தெருவில் அவ்வீட்டு வாயிலில் அண்ணன் நின்றார். யாம் சற்று விலகி நின்றோம். தாய் நாணி நிற்க, அவர் வருகைப் பதிவைப் பற்றி ஒன்றும் கேளாது, பாடங்களை மாலையில் வந்து சொல்லித்தருவதாகக் கூறினார். கைக்குழந்தையைப் பகலில் வைத்துக்கொள்ள முதியவரின் மனைவியார் இசைந்தார். அப்பெண் மறுவாரம் பள்ளிக்கு வந்தாள் என்று பின்னர்க் கடிதம் வந்தது. ஆயின் எல்லா நாளும் வரவில்லை என்றும் அதே கடிதம் கூறியது. நாவலால் உலகம் ஒருநாளில் திருந்திவிடும் என்று யாம் கூற வரவில்லை.

யாம் கூற விரும்புவது இதுவே. நாவல் நம் நெஞ்சை இளக்கும். இளகிய நெஞ்சிற்கு வழிகாட்டுவது நல்ல கூட்டம். அக்கூட்டம் நம்மை ஒத்த அலுவலரோடு முடிந்துவிடின் நம் குரலே நமக்கு எதிரொலிக்கும். திண்ணையின் ஓரத்தில் ஒருவர்க்கு இடமிருத்தல் வேண்டும்; அவர் பேசுங்கால் நாம் கேட்டல் வேண்டும். அண்ணன் தனியே தம் அறையில் அந்நூலைப் படித்திருப்பின் அவ்வினாவைக் கேட்டிரார். நூலின்றி வெறும் அரட்டையாய் அம்மாலை கழிந்திருப்பின் முதியவர் அதனைக் கூறியிரார்.

ஆதலின், பெரியோர் வருத்தத்தைப் புறக்கணியாது, இவ்வாறு விடைகூறுவோம்: நாவல் படித்தலும் நண்பரோடு கூடுதலும் வீணாவதும் பயனாவதும் திங்கட்கிழமை காலையிலே தெரியும். அன்று நாம் காணும் மனிதர் வெள்ளிக்கிழமை கண்டதினும் சிறிது தெளிவாய்த் தோன்றுவாராயின், அவ்விரு நாளும் நன்கு கழிந்தன என்க. எம்மோடொத்த மாணவ நண்பர்களே, நாளை அலுவலில் அமரும்போது உங்கள் பெட்டியில் ஒரு நாவலுக்கும், உங்கள் திண்ணையில் ஓர் அயலவர்க்கும் இடம் வையுங்கள்.