விழுந்தால் மணிக்கட்டு, தடுத்தால் முன்கை

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்.”

அரசு மருத்துவமனை காஷுவால்டிக்குப் பழகிப்போன வாக்கியம் இது. சொல்கிற பெண் இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டிருப்பார். அவர் பாதி சொல்வதற்குள் பக்கத்தில் நிற்கும் கணவர் மீதியைச் சொல்லி முடித்துவிடுவார்.

எலும்பு வேறு கதை சொல்லும். விழுகிறவர் கையை ஊன்றுவார். பெரும்பாலும் உடைவது மணிக்கட்டு. தலைக்கு வரும் கட்டையைக் கையால் தடுத்தவருக்கோ, முன்கையில் சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா எலும்பு நடுவில் முறியும். எக்ஸ்-ரேயில் அப்படித் தெரிந்தால், மருத்துவர் அந்தக் கையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

அறை வாங்கிய காதில் செவிப்பறை கிழிந்திருக்கலாம். புடவை மறைக்கும் இடத்தில், மஞ்சளாக ஆறிவரும் பழைய கன்றலும் இன்றைய வீக்கமும் அருகருகே இருக்கலாம். எளிதில் தவறிப்போவது கழுத்து நெரிப்பு. பல நேரம் வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. குரல் கரகரக்கலாம், விழுங்கினால் வலிக்கலாம், கண்ணில் குண்டூசி முனையளவு ரத்தப் புள்ளிகள் தெரியலாம். உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருந்தால், சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுள்ள, மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். காவல் நிலையப் படியேறுபவர் சொற்பம். ஆனால் எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்துதானே ஆக வேண்டும்? இதை உணர்ந்துதான் மும்பை மாநகராட்சியும் சேஹத் அமைப்பும் 2000இல் பாந்த்ரா பாபா மருத்துவமனைக்குள்ளேயே ‘திலாசா’ ஆலோசனை மையத்தைத் தொடங்கின.

கேட்கும் இடமும் முக்கியம். எக்ஸ்-ரே அறைக்குள் கணவர் வரமாட்டார். “வீட்ல யாராவது அடிச்சாங்களாம்மா?” என்று அங்கே தாழ்ந்த குரலில் கேட்கலாம்.

அவர் “இல்லை” என்றே சொல்லலாம். வற்புறுத்த வேண்டாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மட்டும் சொல்லிவைக்கலாம். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடும்போது “வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்” என்பதோடு நிறுத்தாமல், அல்னா நடுவில் முறிவு, முதுகில் பழைய கன்றல் என்று கண்டதையெல்லாம் எழுத வேண்டும். இரண்டு வருடம் கழித்து அவர் வழக்குப் போடத் துணிந்தால், கையில் இருக்கப்போவது அந்த ஒரு பக்கம்தான்.