ஓடுகிற வேலையை நிறுத்தலாமா?
கம்ப்யூட்டர் கூட்டத்தைக் காவல் காக்கும் இளைஞர்கள்

ஒக்கலிபுரம் பாலத்தின் மேலே இரவிலும் ரெயில்கள் போய்க்கொண்டிருக்கும். கீழே ரோட்டோரத்தில், இரவு ஷிப்டுக்குப் போகும் இளைஞர்கள் கம்பெனி வண்டிக்காகக் காத்து நிற்பார்கள்.

அவர்களுடைய அப்பாவும் தாத்தாவும் மில்லிலும் ரெயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள். அந்த வேலை கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளிடம், "உனக்கு என்னப்பா வேலை?" என்று கேட்டால், "கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிற வேலை" என்று ஒரே வரியில் பதில் வரும்.

கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட வேலைகளில் ஒன்றைப் பார்ப்போம்.

மேஸ்திரியும் ஆட்களும்

செல்போனில் "சட்டை" என்று தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் பட்டியல் வந்துவிடுகிறது. அதைத் தேடித் தருவது ஒரே கம்ப்யூட்டர் அல்ல. சரக்குக் கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல எந்திரங்களில் வைத்திருப்பார்கள். கேள்வி வந்ததும் ஓர் எந்திரம் மேஸ்திரிபோல அதை மற்ற எந்திரங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். அவை கொண்டுவரும் பதில்களைச் சேர்த்து நம்மிடம் தரும்.

இதற்காக உலகம் முழுவதும் பயன்படும் ஏற்பாடுகளில் ஒன்று "எலாஸ்டிக்சர்ச்". ஷாய் பானோன் என்பவர் 2010-ல் இதை வெளியிட்டார். சமையல் படித்துவந்த மனைவிக்காக, சமையல் குறிப்புகளைத் தேட ஒரு வழி செய்யப்போய் அவர் இந்தத் துறைக்கு வந்தார். இதற்கு அடிப்படையான "லூசீன்" என்ற தேடும் எந்திரத்தை டக் கட்டிங் என்பவர் 1999-ல் எழுதினார். 2021-ல் எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து கிளை பிரிந்தது "ஓப்பன்சர்ச்".

எந்த வேலை எங்கே ஓடுகிறது?

ரெயில்வே கண்ட்ரோல் அறையில் எந்த வண்டி எந்த ஸ்டேஷனைத் தாண்டியது என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அதுபோன்ற பட்டியல் இங்கும் உண்டு. 2016-ல் எலாஸ்டிக்சர்ச்சின் 2.3-வது பதிப்பில் இந்த வசதி வந்தது.

ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. அது எந்த எந்திரத்தில் ஓடுகிறது, எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது, எந்தப் பெரிய வேலையின் பங்கு, நடுவில் நிறுத்த முடியுமா என்ற விவரங்கள் எல்லாம் பட்டியலில் இருக்கும்.

இரவு 2 மணி

ஓர் உதாரணம். மாலையிலிருந்து ஒரு பெரிய வேலை ஓடுகிறது. பழைய கணக்கு முழுவதையும் புதிய கணக்குக்கு மாற்றி எழுதும் வேலை அது. இரவு 2 மணிக்குத் திடீரென்று தேடல் மந்தமாகிறது. கேள்விகள் வரிசையில் நிற்கின்றன. வழக்கமான ஏற்பாட்டில் ஓர் எந்திரத்தின் வரிசையில் 1,000 தேடல்கள் நிற்கலாம். அதற்கு மேல் வருவதை எந்திரம் திருப்பி அனுப்பிவிடும். ஊரெல்லாம் "தேட முடியவில்லை" என்ற பேச்சாகிவிடும்.

பட்டியலைப் பார்த்தால் அதிக நேரமாக ஓடுவது மாலை வேலைதான். அதை நிறுத்திவிடலாமா?

அவசரப்பட்டால் ஆபத்து. அதை நிறுத்தினால், அதுவரை எழுதியது அப்படியே இருக்கும், மீதி வராது. பழைய கணக்குக்கும் உதவாமல், புதிய கணக்குக்கும் உதவாமல் பாதியில் நிற்கும். ராத்திரி முழுக்கப் பட்ட பாடு வீண்.

பட்டியலில் இன்னும் கீழே பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பத்து நிமிடத்துக்கு முன் யாரோ ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். "மூன்று வருடக் கணக்கில், பெயரின் நடுவில் இந்த எழுத்துகள் வரும் எல்லாவற்றையும் கொடு" என்ற கேள்வி. முதல் எழுத்து தெரியாமல் அகராதியில் சொல் தேடுவதுபோல, எல்லா எந்திரங்களும் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்கின்றன. உண்மையான குற்றவாளி அதுதான்.

பிரேக் போட்டாலும்...

அந்தக் கேள்வியை ரத்து செய்யும்போது மேஸ்திரி வேலையை ரத்து செய்ய வேண்டும். மற்ற எந்திரங்களில் ஓடும் அதன் பங்குகளுக்கும் உத்தரவு போய்விடும்.

உத்தரவு போட்டதும் வேலை அங்கேயே நின்றுவிடாது. பிரேக் போட்ட ரெயில் சிறிது தூரம் ஓடித்தானே நிற்கிறது? இங்கும் அப்படித்தான். "எனக்கு ரத்து உத்தரவு வந்திருக்கிறதா?" என்று வேலை அவ்வப்போது தானே பார்த்துக்கொள்ளும். அப்படிப் பார்க்கும்போதுதான் நிற்கும். இது தெரியாத புதியவர்கள் பதற்றத்தில் எந்திரத்தையே அணைத்துவிட்டால் சிறிய தொல்லை பெரிய தொல்லை ஆகும். எல்லா வேலையையும் நடுவில் நிறுத்தவும் முடியாது.

மாலை வேலைக்கும் வழி உண்டு. அதைக் கொல்ல வேண்டாம். வேகத்தைக் குறைத்தால் போதும். கையில் எடுத்த கட்டை முடித்துவிட்டு மெதுவாக ஓடும். பொழுது விடிந்து நெரிசல் கூடுவதற்குள் வேலை முடிய வேண்டுமானால் திரும்பவும் வேகத்தைக் கூட்டலாம். அது உடனே அமலுக்கு வரும்.

பெயர் எழுதி அனுப்புங்கள்

இந்த வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு யோசனை. எந்திரத்துக்கு அனுப்பும் கேள்வியோடு, அது எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்ற அடையாளத்தையும் சேர்த்து அனுப்ப வசதி இருக்கிறது. பார்சலில் அனுப்புபவர் பெயர் எழுதுவதுபோல. அடையாளம் இருந்தால், நிறுத்துவதற்கு முன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். அடையாளம் இல்லாவிட்டால் இரவு 2 மணிக்கு யாரைப் போய் எழுப்புவது?

விடிந்ததும் அந்த இளைஞர் கண் சிவந்து வீட்டுக்கு வருவார். "ராத்திரி என்ன செய்தாய்?" என்று அப்பா கேட்டால், "ஒன்றுமில்லை" என்பார். அன்றைக்கு ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டதுதான் அவருடைய வேலை. கண்ட்ரோல் அறையைப் பார்த்திருக்கும் ரெயில்வே குடும்பத்துக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.