நகர்ப்புற ஆரம்ப சுகாதார மையம், நம்ம கிளினிக், ஆரோக்கிய மந்திர்: ஆஸ்டின் டவுன் மக்களுக்கு எங்கே, என்ன கிடைக்கும்?

பெங்களூரு: மத்திய அரசின் நிதியுதவியுடன் பெங்களூருவில் இயங்கும் அடிப்படைச் சுகாதார மையங்கள் இன்று மூன்று பெயர்களில் அறியப்படுகின்றன. ஒன்று நகர்ப்புற ஆரம்ப சுகாதார மையம். மற்றொன்று நம்ம கிளினிக். மூன்றாவது ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர். பெயர்கள் பெருகியுள்ள அளவுக்கு, அவற்றில் என்ன கிடைக்கும் என்ற தெளிவு பெருகவில்லை. இம்மையங்களில் மருத்துவரைப் பார்ப்பதற்கோ, ரத்த அழுத்த மாத்திரை பெறுவதற்கோ ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை தேவையில்லை என்பதே பலரும் அறிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தியாகும்.

சாந்தி நகர் சட்டப்பேரவைத் தொகுதியைச் சேர்ந்த ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக் நகர் உள்ளிட்ட நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில் இந்தத் தெளிவு உயிர்காக்கும் தன்மையுடையது. இந்தக் கட்டுரை இம்மையங்களின் பின்னணி, நிதி, சேவைகள், குறைகள் ஆகியவற்றை விளக்குகிறது.

மூன்று பெயர்கள் எப்படி வந்தன?

கிராமங்களுக்கான தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-இல் தொடங்கப்பட்டது. நகர்ப்புற ஏழைகளுக்கு அத்தகைய கட்டமைப்பு இல்லை என்ற நிலையில், 2013 மே மாதம் தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுமார் 50 ஆயிரம் மக்களுக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார மையம், 10 ஆயிரம் பேருக்கு ஒரு துணைச் செவிலியர், 200 முதல் 500 வீடுகளுக்கு ஓர் ஆஷா பணியாளர் என்பது அதன் அடிப்படை வரையறை. இத்திட்டத்தின் செலவைக் கர்நாடகம் போன்ற பெரிய மாநிலங்களில் மத்திய அரசு 60 விழுக்காடும், மாநில அரசு 40 விழுக்காடும் பகிர்ந்து ஏற்கின்றன.

2018-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஆரம்ப சுகாதார மையங்களை நலவாழ்வு மையங்களாகத் தரம் உயர்த்தும் பணி தொடங்கியது. அந்த நலவாழ்வு மையங்களுக்கே 2023 நவம்பரில் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்ற பெயர் சூட்டப்பட்டது. ஆகவே, பழைய ஆரம்ப சுகாதார மையத்தின் வாசலில் புதிய பெயர்ப் பலகை காணப்பட்டால், அது வேறொரு மருத்துவமனை அன்று, அதே மையமே.

மூன்றாவதாக வந்தது நம்ம கிளினிக். கர்நாடக அரசு 2022 டிசம்பரில் ஹுப்பள்ளியில் இத்திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூருவில் 2023 பிப்ரவரியில் 108 கிளினிக்குகள் திறக்கப்பட்டன. மாநிலம் முழுவதற்குமான 438 கிளினிக்குகளில், வார்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 243 பெங்களூருவுக்கு ஒதுக்கப்பட்டன. 15-வது நிதிக்குழு உள்ளாட்சி அமைப்புகளின் வழியாக வழங்கப் பரிந்துரைத்த சுகாதார மானியம் இத்தகைய நகர்ப்புற மையங்களுக்கு முக்கிய ஆதாரமாகும். 2021–22 முதல் 2025–26 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு நாடு முழுவதற்கும் ரூ.70,051 கோடியை அக்குழு பரிந்துரைத்தது.

ஆஸ்டின் டவுனுக்கு ஏன் முக்கியம்?

1947 வரை ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகத்தில் இருந்த கண்டோன்மென்ட் பகுதியும், மைசூரு அரசின் கீழ் இருந்த பழைய நகரமும் 1949-இல் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வேரூன்றிய பகுதிகளில் ஆஸ்டின் டவுனும் ஒன்று. தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு ஆகிய மொழிகள் ஒரே தெருவில் புழங்கும் இடம் இது.

இங்கு மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. பெரிய தனியார் மருத்துவமனைகளும், சிவாஜி நகரில் பௌரிங் அண்ட் லேடி கர்சன் அரசு மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் உள்ளன. ஆயினும், நாள்பட்ட நோய்களுக்கு மாதந்தோறும் மாத்திரை வாங்கப் பெரிய மருத்துவமனைக்குச் செல்வது தினக்கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் வருமானத்தை இழப்பதாகும். இழப்பைத் தவிர்க்க அவர் மாத்திரையை நிறுத்தினால், வெளியே தெரியாமல் வளரும் ரத்த அழுத்தம் ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும்.

இது ஒரு சிலரின் பிரச்சினை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவும், 31.5 கோடி பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக மதிப்பிட்டது. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி 2021–22-இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தங்கள் கையிலிருந்தே செலுத்தினர். 2013–14-இல் 64.2 விழுக்காடாக இருந்த இப்பங்கு குறைந்துள்ளது என்றாலும், மருந்துக் கடையில் மாதந்தோறும் செலுத்தும் தொகை ஏழைக் குடும்பத்துக்கு இன்னும் சுமையே.

என்னென்ன சேவைகள்?

ஆரோக்கிய மந்திர்களில் 12 வகைச் சேவைகள் வழங்கப்பட வேண்டும் என்பது மத்திய அரசின் வரையறை. கர்ப்பகாலப் பராமரிப்பு, குழந்தைகளுக்கான தடுப்பூசி, குடும்ப நலம், தொற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவை பழைய சேவைகள். தொற்றா நோய்கள், மனநலம், கண், காது–மூக்கு–தொண்டை, பல் நலம், முதியோர் பராமரிப்பு, வலி தணிப்புச் சிகிச்சை, அவசர முதலுதவி ஆகியவை பின்னர் சேர்க்கப்பட்டன.

ஆரம்ப சுகாதார மைய நிலையில் 172 வகை அத்தியாவசிய மருந்துகளும், 63 வகைப் பரிசோதனைகளும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இது வரையறை மட்டுமே. ஒரு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மருந்து இருப்பில் இல்லாமல் போகலாம். அந்நிலையில், மருந்து எப்போது வரும் என்று கேட்டறிவதும், மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்பதும் நோயாளியின் உரிமை.

30 வயதைக் கடந்த அனைவரும் நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், வாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனையை இம்மையங்களில் செய்துகொள்ளலாம். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனையும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி சிறப்புப் பரிசோதனை நடத்தும் மத்திய அரசின் திட்டம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. காசநோய் உறுதி செய்யப்பட்டவருக்கு மருந்து இலவசம்; சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக வழங்கப்பட்ட மாதம் ரூ.500, 2024 நவம்பர் முதல் ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லா எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் இச்சேவைக்குப் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனமே தலைமை மையம். தமிழிலும் பேசலாம்.

அட்டை வேறு, மையம் வேறு

ஆயுஷ்மான் என்ற சொல் இரு வேறு ஏற்பாடுகளைக் குறிப்பதால் குழப்பம் எழுகிறது. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்பது புறநோயாளிகளுக்கான மையம். ஆயுஷ்மான் அட்டையோ மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான காப்பீடு. கர்நாடகத்தில் இது மாநிலத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, ஆயுஷ்மான் பாரத்–ஆரோக்கிய கர்நாடகா என்ற பெயரில் செயல்படுகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை இதில் பாதுகாப்பு உண்டு. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றிக் காப்பீடு வழங்கும் விரிவாக்கத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது.

இவற்றுடன் ஆபா எனப்படும் 14 இலக்கச் சுகாதார எண்ணும் உண்டு. இது மருத்துவப் பதிவுகளைச் சேமிப்பதற்கான எண், காப்பீடு அன்று. இதனைப் பெறுவது விருப்பத்தைப் பொறுத்தது. இந்த எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

பணி நேரமே பெருந்தடை

தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் வகுக்கப்பட்டபோதே, உழைக்கும் மக்களின் வசதி கருதி, மையங்கள் பகல் 12 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்கலாம் என்று வழிகாட்டப்பட்டது. ஆனால், நம்ம கிளினிக்குகள் தொடங்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட நேரம் காலை 9 முதல் மாலை 4.30 மணி வரை. வீட்டு வேலைக்கும், கட்டுமானப் பணிக்கும், கடைகளுக்கும் செல்வோர் வீடு திரும்பும் வேளையில் கதவு மூடியிருக்கும்.

அண்டை மாநிலம் இதற்கு வேறு விடை கண்டுள்ளது. தமிழ்நாட்டில் 2023 ஜூன் மாதம் ஒரே நாளில் திறக்கப்பட்ட 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 மணி வரையும், மாலை 4 முதல் இரவு 8 மணி வரையும் இயங்கும் வகையில் அமைக்கப்பட்டன. அவற்றுக்கும் அடிப்படை ஆதாரம் அதே மத்திய நிதியே. எனவே, மாலை நேரச் சேவைக்குத் தடையாக நிற்பது நிதியின் விதிமுறை அன்று. மாநிலமும் மாநகராட்சியும் எடுக்கும் முடிவே அதைத் தீர்மானிக்கிறது.

மாறும் நிர்வாகம், முடியும் நிதிக்காலம்

பெங்களூரு பெருநகர மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, அவை பெரும் பெங்களூரு ஆணையத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. சாந்தி நகர் தொகுதியில் உள்ள ஆஸ்டின் டவுன் இப்போது பெங்களூரு மத்திய மாநகராட்சியின் எல்லைக்குள் வருகிறது. மருந்து இருப்பு, பணியாளர் பற்றாக்குறை, கட்டடப் பழுது ஆகியவை தொடர்பான முறையீடுகளைப் பழைய அலுவலக முகவரிக்கு அனுப்புவதால் பயன் இராது.

நிதியிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நிதிக்குழு மானியம் காலவரையறை கொண்டது. ரூ.64,180 கோடி மதிப்பில் 2021-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சுகாதார உள்கட்டமைப்பு இயக்கமும் 2025–26 வரைக்கே வகுக்கப்பட்டது. கட்டடத்தை ஒருமுறை எழுப்பினால் போதும். மருத்துவருக்கும் செவிலியருக்கும் மாதந்தோறும் ஊதியம் வேண்டும். இத்தகைய மையங்களில் பலர் ஒப்பந்த முறையில் பணியாற்றுகின்றனர். ஒரு திட்டக் காலம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் ஊதியம் தாமதமானால் மருத்துவர் விலகுவார். பலகையும் கட்டடமும் எஞ்சி நிற்கும்.

மக்களுக்கு என்ன பங்கு?

அமெரிக்காவில் மத்திய அரசின் நிதியில் இயங்கும் சமூக சுகாதார மையங்கள் 1965-இல் தொடங்கின. இன்று 1,300-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் வழியாக ஆண்டுக்கு 3 கோடிக்கும் அதிகமானோருக்கு அவை சிகிச்சை அளிக்கின்றன. ஒவ்வொரு மையத்தின் ஆட்சிக் குழுவிலும் குறைந்தது 51 விழுக்காட்டினர் அங்கு சிகிச்சை பெறும் நோயாளிகளாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் சட்ட நிபந்தனை.

இந்தியாவில் அத்தகைய பெரும்பான்மை உரிமை இல்லை. எனினும், 50 முதல் 100 வீடுகளுக்கு ஒரு மகளிர் ஆரோக்கியக் குழு அமைக்கவும், அதற்கு ஆண்டுக்கு ரூ.5,000 வழங்கவும் நகர்ப்புற சுகாதார இயக்கம் வழிசெய்கிறது. தொகை சிறிது, ஆனால், மையம் எந்நேரம் திறக்க வேண்டும், எந்த மருந்து அடிக்கடி தீர்ந்துபோகிறது என்பதைப் பதிவு செய்து எழுத்து வடிவில் முன்வைக்கும் வாய்ப்பு இக்குழுவுக்கு உண்டு.

ஆஸ்டின் டவுன் வாசி ஒருவர் இப்போதே செய்யக்கூடியவை எளியவை. தம் பகுதியின் ஆஷா பணியாளர் யார் என்று அறிந்துகொள்ளலாம். 30 வயதைக் கடந்தவராயின் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பழைய மருந்துச் சீட்டுகளைத் தவறாமல் கொண்டு செல்லலாம். மையம் மூடியிருந்தாலோ மருந்து இல்லை என்றாலோ, நாளும் நேரமும் குறித்து மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். மையம் தேவைப்படுகிறது என்பதற்கு வருகைப் பதிவேட்டைவிட வலுவான சான்று வேறில்லை. அடுத்த நிதி ஒதுக்கீட்டின்போது பேசப்போவதும் அந்தப் பதிவேடே.