காசா மணிலா: ஒரு வீட்டைப் படிப்போம்

நுழையும் முன்

நூலைப் படிப்பது போலவே ஒரு வீட்டையும் படிக்கலாம். வாயில், படிக்கட்டு, சாளரம், அடுப்பங்கரை ஆகிய ஒவ்வொன்றும் அங்கு வாழ்ந்தோரைப் பற்றி நமக்கு ஏதேனும் கூறும். பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரில் உள்ள ‘காசா மணிலா’ என்னும் அருங்காட்சியகத்தை இப்பாடத்தில் அவ்வாறு படித்தறிவோம். ‘காசா’ என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு வீடு என்பது பொருள்.

மதிலுக்குள் ஒரு நகரம்

ஸ்பானியர் 1565இல் பிலிப்பைன்ஸில் ஆட்சியை நிறுவினர். 1571இல் மணிலாவைத் தலைநகராக்கினர். பின்னர் அதனைச் சுற்றிக் கருங்கோட்டை போன்ற கன்மதில் எழுப்பினர். மதிலுக்கு உட்பட்ட அப்பகுதியே இன்ட்ராமூரோஸ். அவர்தம் ஆட்சி 1898இல் முடிவுற்றது. அவ்வாட்சியின் இறுதிக் காலத்தில் செல்வர் குடும்பங்கள் வாழ்ந்த முறையைக் காசா மணிலா காட்டுகிறது.

கீழே கல், மேலே மரம்

வீட்டின் கீழ்த்தளம் கல்லால் ஆனது. மேல்தளம் மரத்தால் ஆனது. இதற்குக் காரணம் உண்டு. மணிலா நிலநடுக்கம் மிகுந்த ஊர். கனத்த கற்சுவர் பிளந்து விழும். மரச்சட்டகமோ அசைந்து கொடுத்து நிற்கும்.

கீழ்த்தளத்தில் வண்டிகள் நிற்கும், பண்டங்கள் அடுக்கப்பட்டிருக்கும். குடும்பத்தினர் வாழ்ந்தது மேல்தளத்திலேயே. படியேறியதும் முதலில் வருவது ‘கைடா’ என்னும் முன்கூடம். ஏறும்போது உயர்த்திப் பிடித்த நீண்ட பாவாடையின் விளிம்பைப் பெண்கள் இங்கே விழவிட்டதால் இப்பெயர் வந்தது என்பர். வந்தவர் யாராயினும் முதலில் இங்கே அமர்வர். சிறப்பு விருந்தினருக்கே ‘சாலா’ என்னும் பெருங்கூடம் திறக்கும். ஆக, வருவோரின் தகுதியை வீடே பிரித்துக் காட்டியது.

சாளரங்களில் கண்ணாடி இல்லை. மெல்லிய சிப்பி ஓடுகளைச் சிறு சதுரங்களாக வெட்டி மரச்சட்டங்களில் பொருத்தியுள்ளனர். அவை வெயிலின் கடுமையைத் தணித்து ஒளியை மட்டும் உள்ளே விடும். சாளரத்தின் அடியில் கம்பியிட்ட சிறு திறப்பு ஒன்று உண்டு. மழைக்காக மேற்கதவை மூடினாலும் அதன் வழியே காற்று வரும்.

கயிற்றின் மறுமுனை

உணவறைக்குச் செல்வோம். நீண்ட மேசையின்மேல் பீங்கான் தட்டுகள் ஒளிர்கின்றன. சற்றே அண்ணாந்து பாருங்கள். கூரையிலிருந்து அகன்ற துணி விசிறி தொங்குகிறது. இதற்குப் ‘பங்கா’ என்று பெயர். இந்தி வகுப்பில் நீங்கள் கற்ற அதே சொல்தான்! அதனை அசைக்க ஒரு கயிறு உண்டு. விருந்து முடியும்வரை பணியாள் ஒருவர் அக்கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார்.

விருந்தினர்க்குக் காற்று, இழுப்பவர்க்கு வியர்வை. பங்கா இன்றும் இருக்கிறது; அதனை இழுத்தவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. செல்வர் வீட்டைக் காணும்போது பொருள்களின் அழகோடு நின்றுவிடாமல், ‘இதனைத் துடைத்தவர் யார்? நீர் சுமந்தவர் யார்? அவர் எங்கே உறங்கினார்?’ என்று கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்பவர்க்கே வீடு தன் முழுக்கதையையும் கூறும்.

மீண்டும் எழுந்த வீடு

காசா மணிலா பழங்காலத்தில் கட்டப்பட்ட வீடன்று. 1945இல் ஜப்பானியருக்கும் அமெரிக்கருக்கும் நடந்த போரில் மணிலா நகர மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். இன்ட்ராமூரோஸ் இடிபாடாயிற்று. 1607இல் கட்டி முடிக்கப்பட்ட சான் அகுஸ்தின் தேவாலயம் மட்டும் பெரும் அழிவிலிருந்து தப்பி நின்றது. அத்தேவாலயத்தின் எதிரில், 1850களின் வீடு ஒன்றைப் பின்பற்றி 1980களில் எழுப்பப்பட்டதே காசா மணிலா. கட்டடம் புதிது, அது காக்கும் நினைவு பழையது. இழந்த வீட்டை நினைவிலிருந்தும் மீட்கலாம் என்பதற்கு அது சான்று.

அறிந்துகொள்வோம்

1762இல் சென்னையிலிருந்து சென்ற ஆங்கிலேயப் படை மணிலாவைக் கைப்பற்றியது. 1764இல் அப்படை வெளியேறியபோது, அதிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் சிலர் திரும்பாமல் மணிலாவுக்கு அருகிலுள்ள கைந்தா என்னும் ஊரில் குடியேறினர்.

பயிற்சி

1. மேல்தளத்தை மரத்தால் அமைத்தது ஏன்?
2. ‘வருவோரின் தகுதியை வீடே பிரித்துக் காட்டியது’ – விளக்குக.
3. உங்கள் தாத்தா, பாட்டி வாழ்ந்த ஊர்வீட்டைப் பற்றிப் பெற்றோரிடம் கேளுங்கள். திண்ணையில் அமர்ந்தவர் யார்? நீர் இறைத்தவர் யார்? கடைசியாக உண்டவர் யார்? பத்து வரிகளில் எழுதுக.